வரிசையில் கடைசி ஆள்

சிப்பாட்டா
2 நவம்பர் 1997

குரங்கு தின்னி இக்னேஷியஸ் கசோண்டேவுக்கு,

எலி தின்னி வீட்டிலிருந்து எழுதுகிறேன். நான் மலித்தா, யோசேயா ஷாவாவின் தங்கை. செப்டம்பரில் என் அண்ணன் அடக்கத்துக்கு வந்து குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டாயே, உன்னை வெளியே வரவைக்கச் சேவலைக் கொண்டுவந்து கொடுத்தவள்.

அன்றைக்கு நீ போட்ட கூத்தில் ஊரே சிரித்தது. "எருமை மேல பழி போடாதீங்க, பாவம் அது! இவன நான்தாங்க கொன்னேன்! இந்த எலி தின்னிய சாவுக்கு அனுப்பி வெச்சவன் நான்தான்!" என்று மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு கத்தினாய். பெம்பா இனத்தான் ங்கோனி வீட்டுச் சாவில் வேறு எப்படிப் பேசுவான்? நம் இரண்டு இனத்துப் பாட்டன்மார் ஈட்டியால் குத்திக்கொண்டு ஓய்ந்த பிறகு நமக்கு விட்டுப்போனது இந்த மச்சான் முறைதான். சாவு வீட்டில் நீங்கள் எங்களை என்ன சொன்னாலும் நாங்கள் கோபப்படக் கூடாது. நான் கோபப்படவில்லை. எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தது நான்தான். அண்ணிகூட சித்தெங்கேத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

போன வாரம் வனவிலங்குப் பூங்கா நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது. ஒரே பக்கம். "வரிசையின் முன்னால் நடந்த காவலர் ஷாவா, எருமையைக் கண்டதும் பின்னால் வந்தவர்களைக் கைவிட்டு முன்பக்கமாக ஓடினார். தடங்களில் கால்விரல் பகுதி ஆழப் பதிந்திருந்தது. குறியில்லாமல் ஒருமுறை சுட்டிருக்கிறார். துப்பாக்கி புளியமரத்தடியில் கிடந்தது." அதற்குக் கீழே: "வழிகாட்டி கசோண்டேவின் வாக்குமூலப்படி."

நிலைய வாசலில் கடமையில் செத்த காவலர்களின் பெயர் வெட்டிய கல் இருக்கிறது. பதினொரு பெயர். அந்தக் கல்லைத் தாண்டும்போதெல்லாம் அண்ணன் தொப்பியைக் கழற்றுவான். அவன் பெயரை அதில் வெட்டச் சொல்லிக் கேட்டதற்கு, ஓடினவர்கள் பெயரை வெட்டுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனின் மூத்த பையன் லூகாவைப் பள்ளிக்கூடத்தில் "ஓட்டக்காரன் மகன்" என்று கூப்பிடுகிறார்கள். ஒன்பது வயது அவனுக்கு.

ஏழு வருடம் அவன் துப்பாக்கிக்குப் பின்னால் நடந்தவன் நீ. என் அண்ணன் ஓடுகிறவனா? உண்மையைப் பூங்கா வார்டனுக்கு எழுது. நான் கேட்பது அவ்வளவுதான்.

மலித்தா

*

ம்ஃபுவே
23 நவம்பர் 1997

எலிக்குஞ்சு மலித்தாவுக்கு,

சேவல் சரியான கிழடு. மூன்று மணி நேரம் வெந்தும் ரப்பராக இருந்தது. ங்கோனிகள் சாவுக்குக்கூட நல்ல சேவலாகத் தரமாட்டீர்கள்.

இங்கே மழை பிடித்துவிட்டது. முகாமைப் பிரித்தாயிற்று. ஆறு பொங்கிப் புல்லும் சேறுமாகக் கிடக்கிறது, இனி ஜூனில்தான் விருந்தாளிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போகும் நடை. வீட்டில் ஏழு பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன், சந்தோஷப்படு.

யோசேயா என் கூட்டாளி. அதை யாரும் இல்லை என்று சொல்லமுடியாது. ஆனால் தடத்தைப் படித்தது வார்டன். அவருக்கும் கண் இருக்கிறது. கால்விரல் ஆழமாகப் பதிந்தால் ஓடினான் என்று அர்த்தம், அதைப் படிக்க வழிகாட்டிப் பரீட்சை வேண்டாம். ஓடியதில் என்ன கேவலம்? தனிக்கிழட்டு எருமை புதரிலிருந்து வந்தால் உங்கள் ராஜாவே சிறுத்தைத் தோலைக் கீழே போட்டுவிட்டு ஓடுவார். நானும்தான் மரம் ஏறினேன். என் கையில் துப்பாக்கி இல்லை, அவன் கையில் இருந்தது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

மூன்று தடவை தவறி நாலாவது தடவை தேறி வாங்கியது இந்த வழிகாட்டிப் பட்டை. எழுதிக் கொடுத்ததை மாற்றினால் பிடுங்கிக்கொள்வார்கள். செத்தவனுக்குக் கல் எதற்கு? லூகாவிடம் சொல், ஓட்டப்பந்தயத்தில் சேரட்டும். அப்பன் கால் இருக்கும், பரிசு நிச்சயம்.

கோபம் வருகிறதா? வரக் கூடாது. நான் உனக்கு மச்சான்.

இக்னேஷியஸ்

*

சிப்பாட்டா
11 ஜனவரி 1998

குரங்கு தின்னிக்கு,

லூகாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வாசலில் போய் நின்று சிரித்தேன். முறைக்காகத்தான். பக்கத்து வீட்டுக்காரி எனக்கு என்ன ஆயிற்று என்று ஓடிவந்தாள்.

நேற்று சந்தையில் யோனா ம்வுலாவைப் பார்த்தேன். உங்கள் நடைகளில் தேநீர்ப் பெட்டி சுமக்கிறாரே, அவர்தான். மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாராம். மாம்பழக் குவியல் பக்கத்தில் நின்றவர் என்னைக் கண்டதும் நகரப் பார்த்தார். நான் விடவில்லை.

"யோனா அய்யா, எங்கண்ணன் ஓடுனாரா?"

"என்னைய கேக்காதம்மா. நான் டீப்பெட்டி தூக்குறவன்."

"ஓடுனாரா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

ஒரு மாம்பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்தார். பிறகு, "இருவத்திரெண்டு வருசமா வரிசையில நான்தாம்மா கடைசி. எனக்குப் பின்னால காத்துதான் வரும். அன்னைக்கு ஒருத்தர் மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சு" என்றார். "யாரு?" என்றேன். "கசோண்டே சொன்னாதாம்மா வருசா வருசம் எனக்கு இந்த வேல. அவரக் கேளு" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் நுழைந்துவிட்டார்.

காவலர் முன்னால், அடுத்து வழிகாட்டி, அடுத்து விருந்தாளிகள், கடைசியில் தேநீர்ப் பெட்டி. குழந்தைக்குக்கூடத் தெரியும். யோனாவுக்குப் பின்னால் என் அண்ணன் எப்படி வந்தான்? யார் அனுப்பியது? கடைசியில் நின்றவன் முன்பக்கமாக ஓடினான் என்றால், அவன் எருமையை விட்டு ஓடினானா, எருமையை நோக்கி ஓடினானா?

அந்தத் தடம் எங்கிருந்து தொடங்கியது, கசோண்டே?

மலித்தா

*

ம்ஃபுவே
3 பிப்ரவரி 1998

மலித்தாவுக்கு,

கிழவனுக்கு வாய் நீளம். பெட்டி சுமக்கிற தோளுக்கு வாய் எதற்கு என்று தெரியவில்லை. நீ இன்னொரு தடவை அவரைச் சந்தையில் மடக்கினால், ஜூனில் வரிசையில் வேறு ஆள் நடப்பார். மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று நீதானே எழுதினாய்? நினைவில் வைத்துக்கொள்.

சரி, கேள். ஐந்து விருந்தாளிகள். அதில் ஒரு பெண் புகைப்படம் எடுக்கிறவள். முதல்நாள் சாப்பாட்டு மேசையில், "என் எல்லாப் படத்திலும் அந்தத் துப்பாக்கி வருகிறது, போர் நடக்கிற இடம் மாதிரி இருக்கிறது" என்று முகத்தைச் சுளித்தாள். முகாம் முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் உன் அண்ணனிடம், "ஏய் எலி தின்னி, ஒன் மூஞ்சி படத்தக் கெடுக்குதாம்டா. போ, போய் டீக்காரருக்குப் பின்னால நில்லு" என்றேன். கட்டளையாகச் சொல்லியிருந்தால் விதியைக் காட்டி முடியாது என்றிருப்பான். மச்சான் கேலியாகச் சொன்னதற்கு எப்படி முறைப்பான்? முழங்காலை மடக்கிப் புது மருமகள் மாதிரி எனக்கு ஒரு கும்பிடு போட்டான். விருந்தாளிகள் கைதட்டினார்கள். சிரித்துக்கொண்டே பின்னால் போனான். நான் அவனைப் பிடித்துத் தள்ளவில்லை. அவனாகத்தான் போனான்.

இத்தோடு விடு. இனி எழுதாதே.

இக்னேஷியஸ்

*

15 மார்ச் 1998

மச்சானுக்கு,

சிப்பாட்டாவை விட்டு மேற்கே வந்துவிட்டேன். ஒரு வேலையில் சேர்ந்திருக்கிறேன். உறையில் தபால் முத்திரையைப் பார்த்து மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே, பதிலை உறையில் எழுதியிருக்கும் முகவரிக்கு அனுப்பு. விடியும் முன்பே எழுப்பிவிடுகிறார்கள். காலில் கொப்புளம், வலது தோள் கன்றி நீலம் பாரித்துக் கிடக்கிறது. இரவில் அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியவில்லை.

போன மாதம் எங்கள் ந்ச்வாலா விழாவில் சித்தப்பாவை ஆட்டத்தின் முன்வரிசையிலிருந்து பின்னுக்கு நிறுத்தினார்களாம். முப்பது வருடம் கேடயம் பிடித்து முன்னால் ஆடியவர். "ஓடுற வீட்டு ஆளு முன்னால நின்னா மத்தவனுக்கும் கால் கூசும்" என்று எவனோ சொன்னானாம். சித்தப்பா ஆடாமலேயே வீட்டுக்கு வந்து கேடயத்தை அடுப்பில் வைத்துவிட்டார். அண்ணி எழுதியிருந்தாள்.

யோனா மேல் கை வைக்காதே. அவர் பெயரை இனி எடுக்கமாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அண்ணன் எப்படிச் செத்தான் என்று ஒரே ஒரு தடவை கேலி இல்லாமல் எழுது. வார்டனுக்கு வேண்டாம், எனக்கு எழுது. தெரியாமல் என்னால் சோறு தின்ன முடியவில்லை. ராத்திரியில் நானே ஒவ்வொரு விதமாக அவனைச் சாகடித்துப் பார்க்கிறேன்.

மலித்தா

*

ம்ஃபுவே
12 ஏப்ரல் 1998

மலித்தாவுக்கு,

தோளை எந்த ஆம்பிளை இப்படி அடித்தான்? பெயரைச் சொல், வந்து கை குலுக்குகிறேன்.

கேலி இல்லாமல் கேட்கிறாய். எனக்கு அப்படிப் பேசிப் பழக்கமில்லை. இருந்தாலும் முயற்சி செய்கிறேன். வீட்டில் யாரும் இல்லை, எல்லோரும் சர்ச்சுக்குப் போயிருக்கிறார்கள்.

நான்தான் முன்னால் நடந்தேன். நாணல் புதரில் எருமைச் சாணம் ஈரமாகக் கிடந்தது. அதைப் பார்த்தேன். அந்தப் பெண் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றதால் நிற்கவில்லை. எருமை வந்தபோது எனக்கும் அதற்கும் நடுவே பத்தடிகூட இல்லை. புளியமரத்தில் ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது. யோனா விருந்தாளிகளைக் கரையான் புற்றின் மேல் ஏற்றினார். உன் அண்ணன் கடைசியிலிருந்து எல்லோரையும் தாண்டி ஓடிவந்தான். என் மரத்துக்கும் எருமைக்கும் நடுவே வந்து நின்று சுட்டான். தோளில் பட்டது. அது நிற்கவில்லை. இரண்டாவது குண்டுக்கு நேரம் இல்லை. வயிற்றில் குத்தித் தூக்கி எறிந்துவிட்டு நாணலுக்குள் போய் நின்றுகொண்டது. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

அவன் உடனே சாகவில்லை.

"மச்சான், அது அந்தாண்ட போயிருச்சு. எறங்கு. துப்பாக்கி ஒன் காலடியிலதான் கெடக்கு பாரு" என்றான். நாலடி தூரம். என் கை கிளையை விடவில்லை. தண்ணீர் கேட்டான். யோனா புற்றிலிருந்து இறங்கப் பார்த்தார், இறங்கினால் வேலை போய்விடும் என்று நான் மரத்திலிருந்தே கத்தினேன். எருமைக்குப் பயந்து மட்டும் அப்படிக் கத்தவில்லை. நான் இறங்காதபோது இன்னொருவர் இறங்கக் கூடாது என்று தோன்றியது.

ஒரு மணி நேரம் இருக்கும். கடைசியில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, "அந்தக் கெளையில எம்புட்டு ஜோரா ஒக்காந்திருக்க... குரங்கத் தின்னு தின்னு நீயே குரங்காயிட்டடா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மலித்தா, நான் சத்தமாகச் சிரித்தேன். அவன் அதைக் கேட்டானா என்று தெரியாது. அதன் பிறகு அவன் பேசவில்லை.

விருந்தாளிகளை அவன் ஓடிவந்த வழியிலேயே திரும்ப நடத்திக் கூட்டிப் போனேன். பத்துச் செருப்புக்கால் பட்டதும் பின்பாதித் தடம் அழிந்தது. முன்பாதி மட்டும் மிஞ்சியது. தெரிந்துதான் செய்தேன்.

போதுமா? இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. பெம்பாக்காரன் ங்கோனிப் பெண்ணுக்கு எழுதியது என்று சொன்னால் படிப்பவன் வயிறு குலுங்கச் சிரிப்பான். குழிக்குள் படுத்து ஊரறியச் சொன்னதைத்தானே எழுதியிருக்கிறேன்? அன்றைக்கு யார் நம்பினார்கள்?

இக்னேஷியஸ்

*

24 மே 1998

மச்சானுக்கு,

உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. நீ சொன்னது சரி, சிரிப்பார்கள்.

என் தோளை அடித்த ஆளைக் கேட்டிருந்தாய். அது துப்பாக்கியின் பின்கட்டை. நூற்றுப் பத்துப் பேரில் நாங்கள் நாலு பெண்கள். முதல் மாதம் தினமும் அழுதேன். சுடுவதில் மூன்றாவதாகத் தேறியிருக்கிறேன். நேற்று பச்சைச் சீருடையும் தொப்பியும் கொடுத்தார்கள். எந்த நிலையம் வேண்டும் என்று கேட்டபோது அண்ணன் வேலை பார்த்த நிலையத்தைச் சொன்னேன். பயிற்சி அதிகாரி என் பெயரை இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அங்கே ஆள் குறைவு, இந்தப் பருவம் உங்கள் ஆற்றங்கரை முகாமின் நடைகளுக்கு வரும் காவலர் நான்தான். ஜூன் பத்தாம் தேதி முதல் நடை.

வரிசை விதிப்படி இருக்கும். நான் முன்னால், நீ எனக்குப் பின்னால், பிறகு விருந்தாளிகள், கடைசியில் யோனா. என் முகம் யார் படத்தையாவது கெடுத்தால் அவர்கள் கண்ணை மூடிக்கொள்ளட்டும்.

ஒரு சந்தேகம். எருமையைக் கண்டால் ஷாவா முன்பக்கமாக ஓடிவிடுவான் என்று அரசாங்க முத்திரையோடு ஒரு காகிதம் இருக்கிறது. உன் வாக்குமூலப்படி. எனக்கும் அதே ரத்தம்தான். அந்த நாணல் புதர் பக்கம் போகும்போது ஏதாவது வந்தால் நான் என்ன செய்யட்டும்? காகிதத்தில் எழுதியபடியே செய்துவிடட்டுமா? உன் கையில் துப்பாக்கி இருக்காது. இந்தத் தடவை மரம் பக்கத்தில் இருக்குமா, தெரியாது.

சும்மா கேலிக்குக் கேட்கிறேன். நீ கோபப்படக் கூடாது, சிரிக்க வேண்டும். முறை அதுதானே?

எலிக்குஞ்சு மலித்தா

*

ஆற்றங்கரை முகாம்
2 ஜூன் 1998

மலித்தா,

நேற்று பதினெட்டு கிலோமீட்டர் நடந்து நிலையத்துக்குப் போனேன். வண்டி வரும்வரை காத்திருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் வார்டனிடம் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். படம் எடுத்தவள், டீக்காரருக்குப் பின்னால் நிறுத்தியது, தடத்தை அழித்தது, தண்ணீர் கேட்டது, எல்லாம். யோனாவும் வந்து பெருவிரல் ரேகை வைத்தார். வார்டன் இரண்டு தடவை படித்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. கல்லில் பெயர் ஏறும் என்றார்.

விசாரணை மழைக்காலத்தில்தானாம். அதுவரை நடை நடத்த வேறு வழிகாட்டி இல்லை, நீயே நடத்தித் தொலை என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு பட்டை என்னிடம் இருக்காது. என் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். வேறு முகாமுக்கு மாற்றிக்கொள், உன் காலில் விழுகிறேன். அது முடியாவிட்டால், போன கடிதத்தில் நீ எழுதியதெல்லாம் கேலிதான் என்று ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி. ஏழு பிள்ளைகள் எனக்கு.

இக்னேஷியஸ் கசோண்டே

*

பூங்கா நிலையம்
9 ஜூன் 1998

மச்சானுக்கு,

இதைச் சாமான் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். இன்றைக்கே கிடைத்துவிடும். நாளைக்கு விடியும் முன் நானும் வந்துவிடுவேன்.

பன்னிரண்டாவது பெயரை நேற்று வெட்டி முடித்தார்கள். அண்ணியும் லூகாவும் பஸ்ஸில் வந்திருந்தார்கள். லூகா ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, "யோ... சே... யா..." என்று சத்தமாகப் படித்தான். படித்து முடித்ததும், "எங்கப்பா ஓடலதானே?" என்று கல் வெட்டுகிறவரிடம் கேட்டான். "ஓடுனாருடா, எருமைகிட்ட ஓடுனாரு" என்றார் அவர். அண்ணி கல்லில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அதற்கு உனக்கு நன்றி. மனதாரச் சொல்கிறேன்.

கேலியா இல்லையா என்று கேட்கிறாய். குழிக்குள் படுத்துக்கொண்டு நீ சொன்னது கேலி இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. உனக்கு அவ்வளவு நாள் ஆகாது, பருவம் அக்டோபரோடு முடிந்துவிடும்.

இப்போது நிலையத்துக் கோப்பில் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஷாவா ஓடுவான் என்று ஒன்று, ஷாவா நிற்பான் என்று ஒன்று. இரண்டிலும் கையெழுத்து உன்னுடையது. நான் எந்தக் காகிதத்துப் பெண் என்று எனக்கே தெரியாது மச்சான். புதரிலிருந்து ஒன்று வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து தெரிந்துகொள்வோம்.

ஆறு மணிக்குப் புறப்படுகிறோம். முதல் நடை நாணல் பக்கமாகத்தான் என்று சொன்னார்கள். யோனாவைத் தண்ணீர் கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொல்.

மலித்தா ஷாவா
வனக்காவலர்